வாசலை விட்டு ஓடும் காவல்காரர்!

வீட்டு வாசலில் ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தி வைக்கிறார்கள். "திருடன் வந்தால் உள்ளே விடாதே" என்று சொல்லி விட்டுப் போகிறார்கள். அந்த ஆள் வாசலை அப்படியே திறந்து போட்டு விட்டு, தெருக்கோடிக்கு ஓடிப் போய்த் திருடனை மறித்தால் எப்படி இருக்கும்?

திருடனைப் பிடித்து விட்டால், "சபாஷ்!" என்பார்கள். திருடன் அவரை ஏமாற்றி விட்டு உள்ளே நுழைந்து விட்டால்? அன்றோடு அவர் வேலை போய்விடும்!

அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் 4 ஆண்டுகள் இப்படித்தான் காவல் காத்தார். அவர் பெயர் மார்ட்டி டர்கோ. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஆக்கி அணிக்கு அவர் கோல் கீப்பர். 1994 முதல் 1998 வரை அங்கே ஆடினார்.

கோல் கீப்பர் என்றால் கோலுக்கு முன்னால் நிற்க வேண்டும். டர்கோ அப்படி நிற்கவில்லை. கோலை விட்டு வெளியே வருவார். பின்பக்கம் போவார். மூலைக்குப் போவார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பட படவென்று அடித்துக் கொள்ளும்.

அவர் செய்தது சரியா, தவறா? ஐஸ் ஆக்கி ஆடும் நாடுகளில் இன்றைக்கும் இதைப் பற்றி வாக்குவாதம் நடக்கிறது. சரி என்பதே நியாயமான பதில். அதற்குக் காரணம் இருக்கிறது.

பனிக்கட்டி மேல் ஆட்டம்

ஆக்கி நமது நாட்டுக்குத் தெரிந்த ஆட்டம். புல் தரையில் ஆடுவது. ஐஸ் ஆக்கி வேறு. அதைப் பனிக்கட்டி மேல் ஆடுகிறார்கள். ஆடுகிறவர்கள் போட்டிருக்கும் பூட்சின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு இருக்கும். அதைக் கொண்டு வழுக்கிக் கொண்டே ஓடுவார்கள். நல்ல ஆட்டக்காரர் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போவார்.

இதில் பந்து கிடையாது. கறுப்பு ரப்பர் வட்டுதான் உண்டு. 3 அங்குல அகலம், 1 அங்குல கனம். அதற்கு "பக்" என்று பெயர். கோலின் அகலம் 6 அடி. உயரம் 4 அடி. ஒரு பக்கத்துக்குக் கோல் கீப்பரையும் சேர்த்து 6 பேர்.

ஆடுகளத்தைச் சுற்றிலும் பலகைச் சுவர் உண்டு. வட்டு வெளியே போகாது. சுவரில் பட்டுத் திரும்பும். கோலுக்குப் பின்னாலும் இடம் உண்டு. அங்கேயும் ஆட்டம் நடக்கும். இதை மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். டர்கோவின் வேலை எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டத்தில் வட்டு வைத்திருப்பவரைத் தோளால் மோதித் தள்ளலாம். அது குற்றம் அல்ல! சுவரோடு சேர்த்து அடித்தால் அரங்கமே அதிரும். ஆனால் கோல் கீப்பரை மட்டும் அப்படி மோதித் தள்ளக் கூடாது. அவர் கோலை விட்டு வெளியே வந்திருந்தாலும் தள்ளக் கூடாது.

எலும்பை முறிக்கும் தந்திரம்

எதிர் அணியார் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். நடுக்கோட்டைத் தாண்டியதும் வட்டைச் சுவரோரமாகப் பலமாக அடித்து விடுவார்கள். வட்டு மூலையில் வளைந்து, கோலுக்குப் பின்னால் ஓடும். அதன் பின்னாலேயே இரண்டு பேர் துரத்திக் கொண்டு வருவார்கள்.

இப்போது காக்கும் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர் என்ன செய்வார், பாவம்! வட்டை எடுக்கத் திரும்பி ஓட வேண்டும். அவர் முகம் சுவரைப் பார்த்து இருக்கும். முதுகு எதிரியைப் பார்த்து இருக்கும். வட்டை எடுக்கக் குனிவார். அதே நேரத்தில் பின்னால் வருகிறவர் முழு வேகத்தில் வந்து மோதுவார். தோள்பட்டை விலகும், தலையில் அடிபடும். வட்டும் போய்விடும்.

டர்கோ போன்ற கோல் கீப்பர் இருந்தால் கதையே வேறு. எதிரி வட்டை அடித்த உடனே அவர் கோலை விட்டுக் கிளம்பி விடுவார். பின்பக்கம் போய், சுவரோரம் வருகிற வட்டைத் தன் மட்டையால் நிறுத்துவார். ஓடி வருகிற தன் ஆளுக்கு வாகாக வைத்துக் கொடுப்பார். அல்லது தானே தூக்கி அடித்து, முன்னால் நிற்கும் தன் ஆளுக்கு அனுப்புவார். துரத்தி வந்த எதிரிகள் இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இப்படி ஒருமுறை அல்ல, ஓர் ஆட்டத்தில் பல முறை நடக்கும். பல முறை அடி வாங்குவதிலிருந்து தப்புகிறார் அந்தப் பின்வரிசை ஆட்டக்காரர். அவருக்கும் ஒரு தாய் உண்டு. மேடையில் உட்கார்ந்து பார்க்கிற தாய்க்கு எந்தக் கோல் கீப்பரைப் பிடிக்கும்? சொல்ல வேண்டியதில்லை.

கையைத் திருப்பிப் பிடித்தார்

இது கேட்கச் சுலபம். செய்யக் கஷ்டம். கோல் கீப்பரின் உடுப்பே அதற்கு இடம் கொடுக்காது. காலில் மெத்தை போன்ற தடுப்பு. ஒரு கையில் பலகை போன்ற தடுப்பு. மறு கையில் முறம் போன்ற பெரிய கையுறை. அந்தக் கையுறை வட்டைப் பிடிப்பதற்காகச் செய்தது. மட்டையைப் பிடிப்பதற்காக அல்ல. அதைப் போட்டுக் கொண்டு மட்டையை இறுக்கிப் பிடிப்பது, அடுப்பு மேல் இருக்கும் பாத்திரத்தைத் தலையணையால் பிடித்து இறக்குவது மாதிரி.

டர்கோ ஒரு வழி வைத்திருந்தார். கையுறை போட்ட கையைத் திருப்பி, மேலிருந்து மட்டையைப் பிடிப்பார். இதனால் மட்டை ஆடாது. இந்தப் பக்கமும் அடிக்கலாம். அந்தப் பக்கமும் அடிக்கலாம். கையை மாற்ற வேண்டியதில்லை. இப்போது ஐஸ் ஆக்கி சொல்லித் தருகிறவர்கள் இந்தப் பிடிக்கு "டர்கோ பிடி" என்றே பெயர் வைத்து விட்டார்கள். மட்டை பிடித்த விதத்துக்கே ஒருவர் பெயர் நிலைப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள சூ செயின்ட் மேரி என்ற ஊரில் பிறந்தவர் டர்கோ. 1994-ல் டல்லாஸ் அணி அவர் பெயரைக் குறித்து வைத்தது. அந்த ஆண்டுப் பட்டியலில் அவருக்கு 124-வது இடம். பெரிய நம்பிக்கை வைத்து எடுத்த ஆள் அல்ல என்பது இதிலேயே தெரிகிறது.

டர்கோவுக்கு மிச்சிகனில் வாய்த்த பயிற்சியாளர் ரெட் பெரன்சன். அவரும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்; பிறகு பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். 1968-ல் ஒரே ஆட்டத்தில் 6 கோல் போட்டவர்! கோல் போடுகிறவருக்கு என்ன எரிச்சல் தரும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஓடி ஓடித் துரத்திய வட்டைக் கோல் கீப்பர் எடுத்துக் கொண்டு போய்விடுவதுதான்.

அவர் டர்கோவைக் கட்டிப் போடவில்லை. 1996-ல் மிச்சிகன் அணி அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆயிற்று. 1964-க்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைத்த முதல் சாம்பியன் பட்டம் அது. இறுதி ஆட்டத்தில் கொலராடோ கல்லூரியைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்கடித்தார்கள். 4 ஆண்டுகளில் டர்கோ 127 வெற்றி கண்டார். அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஆக்கியில் அதற்கு முன்பு எந்தக் கோல் கீப்பரும் அத்தனை வெற்றி பெற்றதில்லை.

தவறினால் தலை போகும்!

மறு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

கோல் கீப்பர் பின்பக்கம் போன நேரத்தில் 6 அடி அகலக் கோல் காலியாகக் கிடக்கிறது. சுவரில் ஒரு பலகை இணைப்பில் பட்டு வட்டு திசை மாறினால் போச்சு! துரத்தி வருகிற எதிரி நினைத்ததை விட வேகமாக வந்து விட்டால் போச்சு! தன் ஆளுக்கு அனுப்பிய வட்டு எதிரியின் மட்டையில் பட்டாலும் போச்சு! மற்ற கோல்களில் கோல் கீப்பர் தோற்றார் என்பார்கள். இதிலோ கோல் கீப்பர் ஏமாந்தார் என்பார்கள். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதுதான் கொடுமை.

2003 மே 31-ந் தேதி நடந்ததைக் கேளுங்கள். ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் 3-வது ஆட்டம். நியூ ஜெர்சி அணியின் கோல் கீப்பர் மார்ட்டின் புரோடூர். வட்டைக் கையாள்வதில் உலகத்திலேயே கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். எதிர் அணியான அனகைம் ஆட்டக்காரர் தூரத்திலிருந்து வட்டைச் சும்மா உள்ளே அடித்தார். புரோடூர் அதைச் சந்திக்க வெளியே வந்தார். கையிலிருந்த மட்டை நழுவிக் கீழே விழுந்தது. வட்டு அந்த மட்டையில் பட்டது. திசை மாறிக் கோலுக்குள் போயிற்று!

சின்னப் பையன் செய்திருந்தால் அடுத்த ஆட்டத்தில் வீட்டில் உட்கார வைத்திருப்பார்கள். அந்த ஆட்டத்தில் நியூ ஜெர்சி கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. ஆனால் கோப்பை? அதை நியூ ஜெர்சிதான் வாங்கியது. 7-வது ஆட்டத்தில் புரோடூர் ஒரு கோலும் விடவில்லை. பயிற்சியாளர் பொறுமை இழந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எல்லாப் பயிற்சியாளரும் அப்படி இல்லை. 2021 ஜூன் மாதம் லாஸ் வேகாஸ் அணிக்கும் மாண்ட்ரியால் அணிக்கும் போட்டி. லாஸ் வேகாஸ் கோல் கீப்பர் மார்க் ஆந்திரே புளூரி. அந்த ஆண்டின் சிறந்த கோல் கீப்பர் பரிசு வாங்கியவர். அவர் அணி 2-1 என்று முன்னால் இருக்கிறது. முடிய 2 நிமிடம் கூட இல்லை. கோலுக்குப் பின்னால் போன வட்டை எடுக்கப் போனார். வட்டு அவர் மட்டையில் சிக்காமல் கோல் முன்னால் வந்து விட்டது. எதிரி ஒருவர் காலிக் கோலில் தள்ளி விட்டார். 2-2. பிறகு கூடுதல் நேரத்தில் ஆட்டமும் போயிற்று. அடுத்த ஆட்டத்தில் புளூரிக்குப் பதிலாக வேறு ஒருவரைக் கோலில் நிறுத்தினார்கள்!

கால்பந்து ரசிகர்களுக்கும் இது புதிது அல்ல. 1990 உலகக் கோப்பையில் கொலம்பியா கோல் கீப்பர் ஹிகிதா, பந்தைக் காலில் வைத்துக் கொண்டு வெளியே வந்தார். கேமரூன் நாட்டு ரோஜர் மில்லா அதைப் பிடுங்கிக் கொண்டு போய்க் கோல் போட்டார். கொலம்பியா ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

கணக்கில் வராத கோல்கள்

இந்தத் தவறுகள் எல்லார் நினைவிலும் இருக்கின்றன. திரும்பத் திரும்பப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் டர்கோ பின்பக்கம் போய் வட்டை நிறுத்தியதால் நடக்காமலே போன கோல்கள் எத்தனை? அதை யார் படம் போட்டுக் காட்டுவது? நடக்காததைப் படம் பிடிக்க முடியுமா?

கோல் கீப்பர் எத்தனை அடியைத் தடுத்தார் என்று கணக்கு எழுதுகிறார்கள். அவர் பின்பக்கம் போய் எடுத்துக் கொடுத்த வட்டுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. அதுமட்டும் அல்ல. டர்கோ வட்டை எடுத்துக் கொடுத்து விட்டால் எதிரிக்கு அடிக்கவே வாய்ப்பு இல்லை. தடுத்த அடியின் எண்ணிக்கையும் குறைந்து போகும். நல்லது செய்தவர் கணக்கில் நஷ்டம்! இது என்ன நியாயம்?

ஆகவே டர்கோ போன்றவரை ஒரு தவறை வைத்து எடை போடுவது தப்பு. பருவம் முழுவதும் பார்க்க வேண்டும். அவர் முன்னால் ஆடுகிற பின்வரிசை ஆட்டக்காரர்களைக் கேட்க வேண்டும். உடம்பில் அடி வாங்குகிறவர்கள் அவர்கள்தானே!

அதற்காக எல்லாக் கோல் கீப்பரும் வெளியே ஓடலாம் என்பது அல்ல. வழுக்கி ஓடுவதில் வேகம் வேண்டும். எதிரி எங்கே வருகிறார் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். "நான் எடுக்கிறேன்", "நீ எடு" என்று தன் ஆட்களோடு வாய் விட்டுப் பேச வேண்டும்; பேசாமல் போய் ஒருவர் மேல் ஒருவர் மோதிக் கொண்டவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, "இந்த வட்டு வேண்டாம்" என்று விட்டு விடத் தெரிய வேண்டும். டர்கோவைப் பார்த்து அவர் பிடியைப் பழகுகிற சிறுவர்கள் அவர் ஓட்டத்தையும் பழக வேண்டும். கையை மட்டும் பழகினால் போதாது.

முதலில் போனவர்

டர்கோ இதற்கு முதல் ஆள் அல்ல. ஜாக் பிளாண்ட் என்ற கனடாக்காரர் 1950-களிலேயே இப்படி வெளியே போனவர். இளம் வயதில் அவர் ஆடிய அணியில் பின்வரிசை பலவீனம். அவர்களை நம்பிப் பயன் இல்லை என்று தானே போய் வட்டை எடுக்கத் தொடங்கினார். அப்போது அது அடங்காப்பிடாரித்தனமாகத் தெரிந்தது. பிறகு அதே பிளாண்ட் மாண்ட்ரியால் அணியில் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 5 முறை ஸ்டான்லி கோப்பை வாங்கினார். முகமூடி போட்டு ஆடுவதை 1959-ல் வழக்கத்துக்குக் கொண்டு வந்தவரும் அவரே. அதற்கும் முதலில் கேலிதான் செய்தார்கள்.

1987 டிசம்பரில் பிலடெல்பியா அணிக் கோல் கீப்பர் ரான் ஹெக்ஸ்டால் இன்னும் ஒரு படி மேலே போனார். எதிர் அணி தன் கோல் கீப்பரை வெளியே எடுத்து விட்டுக் கூடுதலாக ஓர் ஆளை இறக்கியிருந்தது. ஹெக்ஸ்டால் வட்டைத் தூக்கி அடித்தார். அது ஆடுகளம் முழுவதையும் கடந்து, எதிர்க் கோலுக்குள் போய் விழுந்தது! தேசிய ஆக்கி லீக்கில் ஒரு கோல் கீப்பர் தானே குறி வைத்து அடித்துப் போட்ட முதல் கோல் அதுதான்.

இந்தத் திறமைக்கு விலையும் ஏறியது. 2000-ம் ஆண்டில், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் ஆண்டு ஆடியிருந்த ரிக் டிபியெட்ரோ என்ற கோல் கீப்பரை, நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி பட்டியலில் முதல் ஆளாக எடுத்தது. வட்டைக் கையாள்வதில் அவரும் வல்லவர்.

கோடு போட்டுத் தடுத்தார்கள்!

இந்த இடத்தில்தான் லீக்கின் நிர்வாகிகள் குறுக்கே வந்தார்கள். கோல் கீப்பர்கள் எல்லா வட்டையும் எடுத்துக் கொள்கிறார்கள். அதனால் கோல் குறைகிறது. ஆட்டத்தில் விறுவிறுப்பு இல்லை என்றார்கள். 2005-ல் தேசிய ஆக்கி லீக் ஒரு விதி போட்டது. கோலுக்குப் பின்னால் இரண்டு சாய்வான கோடுகள் வரைந்தார்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவில் மட்டும் கோல் கீப்பர் வட்டைத் தொடலாம். மூலைக்குப் போய்த் தொட்டால் தண்டனை! இதற்குப் "புரோடூர் விதி" என்றே ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். ஒருவர் மிகவும் கெட்டிக்காரராக இருந்ததற்குக் கிடைத்த பரிசு!

2014-ல் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, கோல் ஓரத்தில் இடத்தை 18 அடியிலிருந்து 22 அடி ஆக்கினார்கள். ஆனால் மூலை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அந்த மூலையில் முன்பு கோல் கீப்பர் எடுத்த வட்டை இப்போது பின்வரிசை ஆட்டக்காரர் எடுக்கிறார். முதுகைக் காட்டிக் கொண்டு எடுக்கிறார். மோதலையும் அவர்தான் வாங்குகிறார். கோல் எண்ணிக்கைக்காக ஓர் ஆளின் தோள்பட்டையை விலை பேசுவது நல்ல விதியா? அந்தக் கோட்டை அழித்து விடுவதே நல்லது.

கால்பந்து நேர் எதிர் வழியில் போனது. சொந்த அணிக்காரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992-ல் விதி வந்தது. அதன் பிறகு காலால் ஆடத் தெரிந்த கோல் கீப்பருக்கே மதிப்பு. ஹிகிதாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அப்படிப்பட்ட ஆளைத்தான் தேடுகிறார்கள்.

டர்கோ கல்லூரியில் ஆடிய நாளில் இந்தக் கோடு எங்கும் கிடையாது. மூலை முழுவதும் அவருக்கே சொந்தம். கல்லூரியை விட்டு வந்த பிறகு அவர் 2 ஆண்டுகள் சின்ன லீக்கில் ஆடினார். பிறகு டல்லாஸ் அணியில் இடம் கிடைத்தது. 124-வது ஆளாக எடுக்கப்பட்ட அவர், 2002-03 பருவத்தில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 1.72 கோல்தான் விட்டார். அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதுதான் மிகக் குறைவு.

ஆனால் அவரைப் பார்க்க வேண்டிய இடம் 1998 ஏப்ரல் மாதத்துப் பாஸ்டன் நகரம். அதுதான் அவருக்குக் கல்லூரியில் கடைசி ஆட்டம். கல்லூரிச் சாம்பியன் பட்டத்துக்கு இறுதிப் போட்டி. எதிரி பாஸ்டன் கல்லூரி. ஊர் அவர்கள் ஊர்; கூட்டமும் அவர்கள் கூட்டம். 2-2 என்று நின்று, கூடுதல் நேரம் 17 நிமிடத்துக்கு மேல் ஓடியது. அப்படிப்பட்ட நேரத்தில் கோலை விட்டு ஓர் அடி நகரவே எந்தக் கோல் கீப்பருக்கும் பயமாக இருக்கும். ஒரு கோல் விழுந்தால் 4 ஆண்டு உழைப்பும் முடிந்தது.

மிச்சிகன் கோல் போட்டு 3-2 என்று ஜெயித்தது. அந்தப் போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்று அன்று அவர்கள் அறிவித்த பெயர், மார்ட்டி டர்கோ.